படத்துக்குக் கீழே என் பெயர்

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் நான் உதவியாளராக இருந்த வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குக் கேமராதான். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொடுத்தது. கைக்குள் அடங்கிவிடும் டிஜிட்டல் கேமரா. ஃபிலிம் வாங்க வேண்டாம், கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். சரியாக வராத படத்தை அங்கேயே அழித்துவிடலாம். ஏரியையும் தூண்பாறையையும் எடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். நான் வில்பட்டிப் பக்கம் காய்கறித் தோட்டங்களுக்குள் இறங்கிவிடுவேன். அடுக்கடுக்கான பாத்திகள், பூண்டு காயும் முற்றங்கள், மூட்டைகளோடு முனகிக்கொண்டு மேடேறும் ஜீப்புகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பேன்.

எடுத்ததை யாருக்குக் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. வீட்டில் அம்மா இரண்டு படம் பார்ப்பாள்; மூன்றாவதற்குள் அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். அந்தச் சமயத்தில் நூலகத்துக்கு வேகமான இணைய இணைப்பு கொடுத்தார்கள். நான்கு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் எனக்குக் கிடைக்கும். படங்களைப் போட்டு வைப்பதற்கென்றே இருந்த ஒரு தளத்தில் சேர்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு படத்தையும் ஏற்றும்போது அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்கும். இந்தப் படத்தின் உரிமையை என்ன செய்யப் போகிறீர்கள்? எல்லா உரிமையும் எனக்கே என்று வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் திறந்த உரிமம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் பல வகை. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒன்று, படத்தை மாற்றக் கூடாது என்று ஒன்று. நான் எடுத்துக்கொண்டது இருப்பதிலேயே தாராளமானதை. யார் வேண்டுமானாலும் படத்தை எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. படம் யார் எடுத்தது என்று பெயரைப் போட்டு, எந்த உரிமம் என்று குறிப்பிட்டால் போதும். கொடுத்த பிறகு மனம் மாறினாலும், ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரைத் தடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

நான் அவ்வளவு தாராளமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நூலகச் சுவரில் மாதம் ஒரு படக்காட்சி வைப்பது என் பொறுப்பு. கடல் என்று ஒரு மாதம், எரிமலை என்று ஒரு மாதம். அதற்கான படங்களெல்லாம் இப்படித் திறந்த உரிமத்தில் யாரோ கொடுத்தவைதான். கடலையே பார்க்காத பிள்ளைகள் என் சுவரில் ஒட்டியிருந்த திமிங்கலத்தின் வாலைத் தொட்டுத் தொட்டு அதன் ஓரம் கறுத்துப் போயிருந்தது. முகம் தெரியாத ஒருவர் எனக்குத் திமிங்கலம் கொடுத்திருக்கும்போது, நான் எங்கள் மலையை அவருக்குக் கொடுப்பதுதானே முறை என்று நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பு தவறென்று நான் சொல்லமாட்டேன்.

சீக்கிரமே எனக்கும் கடிதம் வந்தது. பனி பெய்யும் ஏதோ ஒரு நாட்டில் பூகோளம் நடத்தும் ஆசிரியை, என் பாத்திப் படத்தை வகுப்பில் காட்டியதாக எழுதியிருந்தார். படிக்கட்டில் எப்படி விவசாயம் செய்வார்கள், கால் வழுக்காதா என்று ஒரு பிள்ளை கேட்டதாம். அந்தக் கடிதத்தை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை என் படத்தைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

வில்பட்டித் தோட்டம் ஒன்றில் ஒரு அக்காவைப் படம் எடுத்தது மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில். தோட்டத்தின் ஓரத்தில் கேரட் கழுவும் தொட்டி. நான்கு பெண்கள் முழங்கால் வரை தண்ணீரில் நின்று, கேரட்டைக் காலால் மிதித்து மண் போக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரில் பார்க்கிற எனக்கே கால் விறைத்தது. அவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல மற்ற மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சொன்னவருக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் பழைய ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் துண்டு.

எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்று சொல்லி, “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டேன்.

“இந்தக் கோலத்துலயா? எடுங்க மிஸ். பல்லு மட்டுந்தான் சுத்தமாக் கெடக்கு, அதத் தெரியிற மாதிரி எடுங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காலடியில் ஆரஞ்சு நிறமாகக் கேரட் மிதக்க, முகத்தில் பக்கவாட்டு வெயில் விழ, அந்தச் சிரிப்பு அப்படியே கேமராவுக்குள் வந்துவிட்டது. எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன். அதுபோல் ஒன்று அமைந்ததில்லை.

அடுத்த வாரம் பஜாரில் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“சிலோன்ல இருந்து ஒப்பந்தத்துல வரும்போது பாஸ்போர்ட்டுக்குக் குடும்பத்தோட புடிச்சது ஒண்ணு இருக்கு மிஸ். அதுல நான் சின்னப் புள்ள, மூஞ்சிய உம்முன்னு வச்சிருப்பேன். அதுக்கப்புறம் இதுதான்.”

தோட்டத் தொழிலாளர்களாக இலங்கைக்குப் போய், இரண்டு அரசாங்கங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தால் திரும்பி வந்து, இந்த மலைகளில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஒரே மகள், டவுனில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னார். வரக்காப்பி கொடுத்தார். மறுநாள் மாலையே அந்தப் படத்தையும் நான் தளத்தில் ஏற்றினேன். கொடைக்கானல், மலை, பெண், தொழிலாளி, சிரிப்பு என்று குறிச்சொற்கள் போட்டேன். உரிமம் வழக்கமான அதே தாராள உரிமம். என் படங்களிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வேலை நாளில், வாட்ச்மேன் வந்து கேட்டில் யாரோ தேடுகிறார்கள் என்றார். போய்ப் பார்த்தால் அந்த அக்கா. கையில் சுருட்டிய காகிதம். தோட்டத்தில் பார்க்கும்போது இருந்த கலகலப்பு இல்லை. நூலகத்துக்குள் கூட்டிவந்து உட்காரச் சொன்னேன். உட்காராமல் காகிதத்தை மேசையில் விரித்தார். நான்கு மூலையிலும் பசையோடு சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கேயோ சுவரிலிருந்து கிழித்தது.

அவருடைய முகம். கேரட் இல்லை, தொட்டி இல்லை, மற்ற பெண்கள் இல்லை. பின்னால் இளம்பச்சை நிறம் தீட்டி, முகத்தை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் பெரிய எழுத்தில், அவரே பேசுவதுபோல்: “எனக்கும் காசநோய் இருந்தது. மருந்தை விடாமல் சாப்பிட்டேன். இன்று குணமாகிவிட்டேன்!”

“கீழ பொடி எழுத்துல இருக்கிறது உங்க பேருதானே மிஸ்? மக வாசிச்சா.”

என் பெயர்தான். முழுப்பெயர், எழுத்துப்பிழை இல்லாமல். அதை அடுத்து உரிமத்தின் பெயர்.

“பாச்சலூர்ல பஸ் நிக்கிற எடத்துல ஒட்டிக் கெடந்துருக்கு. அங்கதான் மகளுக்குப் பேசியிருக்கு. மாப்பிள்ளையோட அக்கா பாத்துட்டு போன் பண்ணுது, ‘அத்தைக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்கு’ன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நேர்ல போயி நின்னா என் மூஞ்சி சுவத்துல சிரிக்கிது. எனக்கு டிபின்னு யாரு மிஸ் சொன்னா?”

நான் விளக்கப் பார்த்தேன். இணையத்தில் போட்டேன், திறந்த உரிமம் என்று ஒன்று இருக்கிறது, அதன்படி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. பேசப் பேச என் வார்த்தைகள் எனக்கே உதவவில்லை.

“நீங்க யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்குன்னு இல்லக்கா. எல்லாருக்கும் பொதுவாக் குடுத்தேன்.”

“எல்லாருக்கும்னா? பேரு ஊரு தெரியாதவுங்களுக்குமா?”

“ஆமாங்க்கா.”

அவர் சுருண்டுகொண்ட காகிதத்தின் ஓரத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க எடுத்த போட்டோவ நீங்க குடுங்க மிஸ், வேணாங்கல. அதுல இருக்கிறது என் மூஞ்சில்ல?”

போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தேன். எடுங்க என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. உரிமத்தில் என் பெயர் தவறாமல் வரவேண்டும் என்று எழுதியிருந்தது; படத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவரிடம் சம்மதம் வாங்குவதெல்லாம் என் வேலை என்பதுதான் அதன் அர்த்தம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். வாசல்வரை போய்த் திரும்பி, “தோட்டத்துல இப்ப ஆளுக்கொரு டம்ளர் கொண்டாறாளுக மிஸ்” என்று மட்டும் சொன்னார்.

போஸ்டரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழனி முகவரி இருந்தது. போன் செய்து சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். அக்காவிடமும் போய்ச் சொன்னேன். நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வருவதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“நானும் வாறேன். மூஞ்சி நேர்ல எப்படி இருக்குன்னு அவுங்களும் பாக்கட்டும். வெள்ளனே பஸ்ஸு இருக்கு, வெரசா போயிட்டு வந்துரலாம்.”

பழனிக்கு இறங்கும் மலைப்பாதையில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். முதல் பாதி வழி பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார். வெயில் ஏறி ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகு அவராகவே தொடங்கினார்.

“எங்க அப்பாவுக்கு அந்த நோவுதான் மிஸ். சிலோன்ல அட்டன் பக்கம் தோட்டத்து லயத்துல, வரிசையா இருக்கிற ஒத்த ரூம்பு காம்பராவுல இருந்தோம். அப்பாவுக்குச் சுகமில்லன்னு தெரிஞ்சதும் பக்கத்துக் காம்பராக்காரங்க பொதுப் பீலிக் கொழாயில தண்ணி புடிக்க எங்களுக்கு முன்னால வந்துருவாங்க. நாங்க புடிச்ச பின்னால புடிக்கமாட்டாங்க. எனக்கு ஏழு வயசு. அக்காவுக்குப் பதினேழு. அக்காதான் என்னத் தூக்கிக்கிட்டு, ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடின்னு சொல்லும்.”

“அக்கா இப்ப எங்கங்க இருக்காங்க?”

“அது கல்யாணம் ஆகிப் புருசன் வீட்டோட அங்கேயே நின்னுருச்சு. ஒப்பந்தத்துல அவுங்க பேர அந்த நாட்டுப் பிரஜைன்னு எழுதிட்டாங்க, எங்க பேர இந்த நாட்டுக்கு எழுதிட்டாங்க. மொதல்ல கடிதாசி வந்துச்சு. அங்க கலவரம் வந்ததுக்கப்புறம் நின்னு போச்சு.”

அப்பாவின் நோயை இங்கே யாரிடமும் அவர் சொன்னதில்லை. மகளுக்குக்கூடத் தெரியாது. இத்தனை வருடம் ஒளித்து வைத்ததை, சம்பந்தமே இல்லாமல் யாரோ அவர் முகத்தில் ஒட்டிவிட்டார்கள். அதற்கு நான் வழி செய்து கொடுத்திருக்கிறேன். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவர் தோள் என்மேல் இடித்தது. மன்னிப்புக் கேட்டேன். “சரி மிஸ்” என்றார். மன்னித்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை.

அலுவலகம் ஒரு வீட்டின் மாடி. போஸ்டர் வேலையைப் பார்த்துக்கொண்டவர் மதுரைக்காரர். முப்பது வயதுக்குள் இருப்பார். அவர் என்னை மட்டும்தான் எதிர்பார்த்திருந்தார்.

“மேடம், நாங்க முறைப்படிதான் செஞ்சோம். சும்மா எடுத்துப் போடல. யார் பயன்படுத்தலாம்னு உரிமத்தைப் படிச்சுப் பாத்தோம். உங்க பேரைப் போட்டிருக்கோம். உங்களுக்கு ஒரு காப்பி அனுப்பணும்னுகூட—”

பேசிக்கொண்டே எனக்குப் பின்னால் படியேறி வந்தவரைப் பார்த்தார். அப்படியே எழுந்து நின்றுவிட்டார். சுவரில் மாட்டியிருந்த போஸ்டரிலும் அதே முகம்.

“அம்மா, நீங்க... நீங்க இங்க, கொடைக்கானல்லயே இருக்கீங்களா?”

“நான் எங்க தம்பி போவேன்?”

அந்த இளைஞருக்கு முகம் வெளிறிவிட்டது. குறிச்சொல்லில் ஊர்ப்பெயர் இருந்தாலும், இணையத்தில் இருக்கும் படங்களெல்லாம் தொலைதூரத்து ஆட்களுடையவை என்று ஓர் எண்ணம் எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்தான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“நெசமான நோயாளியோட படத்தைப் போடக்கூடாதும்மா, அவங்களுக்குக் கஷ்டம். அதனாலதான் இண்டர்நெட்ல தேடுனோம். உங்க முகத்துல ஒரு தைரியம் இருந்துச்சு. பாத்தவுங்க மருந்தை விடமாட்டாங்கன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் நெனைக்கல.”

அக்கா அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மருந்து விடாம சாப்புடணும்னு நீங்க சொல்றது நல்ல விசயந்தான் தம்பி. சொல்ல ஆளில்லாம எங்க வீட்டுலயே ஒருத்தர் போயிருக்காரு. ஆனா ‘எனக்கு இருந்துச்சு’ன்னு என் வாயில எழுதியிருக்கீங்கள்ல? நான் அப்படிச் சொல்லலியே. எனக்கு வந்திருந்தா நானே வந்து சொல்லியிருப்பேனோ என்னமோ. என்னக் கேட்டிருக்கணும்ல?”

“கேட்டிருக்கணும்மா. தப்புத்தான்.”

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உரிமத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மீதமிருந்த போஸ்டர்களை எங்கள் கண்முன்னால் கட்டவிழ்த்து, முகம் இருக்கும் பக்கத்தைக் கிழித்தார். பாச்சலூருக்குத் தானே பைக்கில் போய் ஒட்டியதையெல்லாம் எடுத்துவிடுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை போய் எடுத்தும்விட்டார். அடுத்த அச்சில் கையால் வரைந்த படத்தைத்தான் போட்டார்கள். ஆனால் வீடு வீடாகக் கொடுத்த துண்டுப் பிரசுரங்களை என்ன செய்ய முடியும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். இந்த அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை, படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்று நிறுவனத்தின் தாளில் ஒரு கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அக்கா அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் ஆயக்குடிக் கொய்யா வாங்கினோம். அவர்தான் உப்பு மிளகாய் கேட்டு வாங்கினார். மலை ஏறும்போது ஒரு துண்டை என்னிடம் நீட்டி, “அந்தத் தம்பி பாவம், என்னப் பாத்ததும் ஆவியப் பாத்த மாதிரி ஆயிட்டாப்ல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு அழுகை வந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. கடிதத்தைக் காட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகவே பேசினார்கள். வாசித்துவிட்டு, இந்த வருடம் நாள் சரியில்லை என்றார்கள். அடுத்த வருடம் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். போஸ்டர்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நான் மகளைத் தையல் கடையில் போய்ப் பார்த்தேன். மெஷினிலிருந்து காலை எடுக்காமல், “எனக்கே அங்க அவ்வளவா இஷ்டமில்ல மிஸ், விடுங்க” என்றாள். அது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருடம் கழித்து டவுனிலேயே டாக்சி ஓட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

தளத்திலிருந்து எல்லாப் படங்களையும் எடுத்துவிட்டேன். பாத்திகள், ஜீப்புகள், மேகம், எல்லாம். எடுக்கும்போதே தெரியும், என் பக்கத்திலிருந்துதான் அவை போகின்றன, எடுத்துக்கொண்டவர்களிடம் இருக்கும். கேமராவை ஒரு துணியில் சுற்றி பீரோவில் வைத்தேன். பனி நாட்டு ஆசிரியை ஒருமுறை எழுதிக் கேட்டார், புதுப் படம் எதுவும் இல்லையா என்று. பதில் எழுதவில்லை.

நாலைந்து மாதம் போயிருக்கும். பள்ளி முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவர். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார். வெளிநாட்டு மாணவர் ஒருவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியா போனவர்களைப் பற்றி ஒரு இணையப்பக்கம் வைத்திருக்கிறாராம்; அதில் கேரட் தொட்டியில் நிற்கும் ஒரு அம்மாவின் படம், கீழே என் பெயர். என் பெயரையும் ஊரையும் வைத்துத் தேடி, பள்ளியின் பக்கத்தில் முகவரி எடுத்திருக்கிறார். அவருடைய அம்மாவின் தங்கை ஒருவர் ஒப்பந்தத்தில் கொடைக்கானல் பக்கம் போனவர். படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மா சாப்பிடவில்லை, இது என் தங்கச்சிதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து விசாரித்துச் சொல்ல முடியுமா? கூடவே அவருடைய அம்மாவின் படமும் இருந்தது.

இந்தமுறை நான் எதையும் யாருக்கும் அனுப்பவில்லை. அந்தப் படத்தை மட்டும் அச்செடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, “உங்ககிட்டக் கேக்காம பதில் எழுதல அக்கா” என்றேன். அவர் தொட்டியிலிருந்து ஏறி வந்தார். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கும் நெற்றியும் எனக்கே அவர்போலத்தான் தெரிந்தன.

“இல்ல மிஸ்,” என்றார் கடைசியில். “இது எங்கக்கா இல்ல. அக்காவுக்கு எடது காது கிழிஞ்சு ரெண்டாத் தொங்கும். இவுங்களுக்கு நல்லாருக்கு.”

எனக்கு மனம் விட்டுப்போனது. படத்தை மடித்து வைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“போன் நம்பரு குடுத்துருக்காங்களா?”

“குடுத்திருக்காங்க. ஆனா அவங்க உங்க அக்கா இல்லையே.”

“இல்லாட்டி என்ன? அந்தப் பக்கத்து மனுசி. பாவம், சாப்புடாம உக்காந்துருக்கு. நானே சொல்லிர்றேன்.”

அடுத்த நாள் மாலை பஜாரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பாய் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் வெளியே நின்றேன். இருந்தும் அவர் பேசியதெல்லாம் கடை முழுக்கக் கேட்டது. இல்லீங்கம்மா, நான் அவுங்க இல்ல என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அழுகிறார் போல. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று இவர் சொன்னார். பிறகு, நீங்க எந்தத் தோட்டம் என்று கேட்டார். மேக்கணக்கா, கீழ்க்கணக்கா என்று தோட்டத்தின் எந்தப் பிரிவு என்பதையும் விசாரித்தார். அப்ப அந்தக் கோயில் திருவிழாவுக்கு நீங்களும் வந்திருப்பீங்களே என்றார். நடுவில் எதற்கோ அப்படிச் சிரித்தார். பாய் என்னைப் பார்த்து, “சொந்தக்காரங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். “நல்லாப் பேசட்டும்” என்று அவர் வேறு வாடிக்கையாளரை அடுத்த கூண்டுக்கு அனுப்பினார்.

இந்த அக்காவின் கூடப்பிறந்த அக்காவைப் பற்றி அந்தக் கொழும்புக்காரர் விசாரித்துச் சொன்னார். கலவர காலத்தில் அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்விட்டதாம். அதற்குமேல் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பெண்களும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வார்கள். அக்காள் தங்கை ஆகாத அவர்களுக்கு ஒருவரையொருவர் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கடைசியில் தோட்டத்து வழக்கப்படி, நாத்தனார் முறையில் மச்சி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

படத்துக்குக் கீழே என் பெயர் இருந்ததால் ஒரு வீட்டில் என்மேல் வருத்தம் வந்தது. அதே பெயரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் தேடி வந்தார். இதை வைத்து உரிமம் நல்லதா கெட்டதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு முடிவு கிடைக்கவில்லை. செய்ய முடிந்ததை மட்டும் செய்தேன். மலையையும் மேகத்தையும் பாத்தியையும் பழையபடி யாருக்கும் என்று திரும்பப் போட்டேன். ஆசிரியைக்குத் தாமதத்துக்கு வருந்தி எழுதினேன். முகம் இருக்கும் படம் என்றால், அந்த முகத்துக்கு உரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டாமல் எதையும் ஏற்றுவதில்லை.

முதலில் உட்கார்ந்தவர் அந்த அக்காதான். ஒரு சனிக்கிழமை மகளோடு நூலகத்துக்கு வந்தார். கொழும்புக்காரரின் அம்மா, தோட்டத்தையும் ஆட்களையும் பார்க்க ஆசைப்பட்டாராம். பீரோவிலிருந்து கேமராவை எடுத்து நான் புதிதாகப் பிடித்த முப்பது படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். உரிமப் பட்டியலை வரிக்கு வரி வாசித்துச் சொன்னேன். யார் பார்க்கலாம், யார் எடுக்கலாம், எடுத்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று. மகள் நடுநடுவே கேள்வி கேட்டாள். பெரும்பாலானதை வீட்டு ஆட்களும் கொழும்புக் குடும்பமும் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு படத்தில், கேரட் மூட்டைமேல் ஏறி நின்று ஜீப்காரரை அதட்டிக்கொண்டிருப்பதில், அக்கா நிறுத்தச் சொன்னார்.

“இத எல்லாருக்கும் போடுங்க மிஸ்.”

“யார் வேணும்னாலும் எடுத்துக்குவாங்க அக்கா. பரவாயில்லையா?”

“அம்மா, நல்லா யோசி” என்றாள் மகள்.

“யோசிச்சாச்சு. இவ்வளவு சத்தம் போடுறவளுக்கு எவனும் நோயின்னு எழுதமாட்டான். போடுங்க. கீழ உங்க பேரோட என் பேரையும் சேத்துப் போடுங்க.”

எழுத்துக்கூட்டி அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன்.